நான்கு ஸ்வரம் போதும்: சிந்தசைசர் கற்கத் தொடங்குபவர்களுக்கு

சிந்தசைசர் படிக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன்: சீக்வென்சரை, அதாவது நாம் போட்டுவைத்த ஸ்வர வரிசையைத் தானே வாசிக்கும் பகுதியை, வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சொற்றொடரை அது அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். உங்கள் இரண்டு கைகளும் காலியாக இருக்கும். ஒலி மாறினால், இப்போது நீங்கள் திருகிய குமிழால்தான் மாறியது என்று காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

நான் படித்தது கோர்க் மோனோலாகில். 2017-இல் வந்த சின்ன அனலாக் கருவி. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும், ஒலியலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் இரண்டு, அதில் ஒரு பகுதியை வெட்டும் ஃபில்டர் ஒன்று, 16 ஸ்டெப் (ஸ்வரம் வைக்கும் கட்டம்) சீக்வென்சர். ஒலியலையை வரைந்து காட்டும் குட்டித் திரையும் உண்டு. படிக்கிறவருக்கு அந்தத் திரை பெரிய உதவி. சதுர அலையையும் முக்கோண அலையையும் காதால் பிரித்தறிய வராத நாட்களில் கண்ணால் பார்த்தே பழகலாம். வேறு கருவி வைத்திருந்தாலும் பரவாயில்லை, கீழே சொல்லும் முறை பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

இதில் 100 ஒலிகளுக்கு இடம் உண்டு. 80 இடங்களில் கம்பெனி தந்த ஒலிகள். ஒருநாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு அவற்றை விட்டுவிடுங்கள். மீதி 20-இல் ஒன்றை எடுத்து, ஒரே ஆஸிலேட்டர், ரம்ப அலை, கட்-ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) முழுக்கத் திறந்து, ரெசனன்ஸ் (அந்த இடத்தைத் தூக்கிக் காட்டும் அளவு) பூஜ்யம், என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்), எல்எஃப்ஓ (ஒலியை அசைக்கும் மெதுவான அலை) இரண்டின் இன்டென்சிட்டியும், அதாவது தாக்கத்தின் அளவும், பூஜ்யம் என்று மொட்டையாக வையுங்கள். அப்புறம் 16 ஸ்டெப்பில் நான்கே ஸ்வரம் போடுங்கள். நான் மோகனத்திலிருந்து ச, க, ப, த எடுத்துக்கொண்டேன். மற்ற ஸ்டெப்கள் வெறுமையாகவே இருக்கட்டும். டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு நான்கு ஸ்டெப்) வைத்தால் ஒரு சுற்று இரண்டு விநாடி.

இனி ஓர் அமர்வுக்கு ஒரு குமிழ். முதல் நாள் கட்-ஆஃப் மட்டும். மெதுவாக மூடினால் மேல் அதிர்வுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் அடிநாதம் மட்டும் மிஞ்சும். திரையில் ரம்பத்தின் கூர்முனை மழுங்கிக்கொண்டே வரும். மறுநாள் ரெசனன்ஸை ஏற்றிவிட்டு அதே கட்-ஆஃபைத் திருப்புங்கள். ஃபில்டர் எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடம் விசில் மாதிரி தூக்கிக் காட்டும்.

அதிக நாள் செலவழிக்க வேண்டியது என்வலப்பில். எந்த ஒலியும் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பதை வைத்துத்தான் நம் காது அதை அடையாளம் காண்கிறது என்பதை நான் இங்கேதான் உணர்ந்தேன். அட்டாக்கை (ஒலி எழ எடுக்கும் நேரம்) பூஜ்யமாக்கி, டிகேயை (அடங்க எடுக்கும் நேரம்) குறைத்தால் தந்தியை மீட்டியது போல் கேட்கும். அட்டாக்கைக் கொஞ்சம் ஏற்றினால் அதே ஸ்வரம் ஊதி எழுப்பியது போல் மெல்லக் கிளம்பும். ஸ்வரம் மாறவில்லை, அலை மாறவில்லை. இப்போது என்வலப்பைக் கட்-ஆஃபுக்குத் திருப்பிவிட்டு இன்டென்சிட்டியை ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஃபில்டர் தானே திறந்து மூடும். எலக்ட்ரானிக் இசையில் நாம் கேட்கும் எத்தனையோ பேஸ் ஒலிகளின் அடிப்படை இதுதான். இந்த ஒரு இடத்தில் அவசரப்படவே கூடாது.

சீக்வென்சர் பக்கம் வந்தால், 16 என்பது கட்டாயம் இல்லை. ஸ்டெப் நீளத்தை 14 ஆக்கினால் அட்சரத்துக்கு இரண்டு ஸ்டெப் வீதம் மிஸ்ர சாபு கிடைக்கும். தகிட தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே 1, 7, 11 ஆகிய ஸ்டெப்களில் ஸ்வரம் வையுங்கள், அழகாக உட்காரும். 10 வைத்தால் கண்ட சாபு. தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெட்டி சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஸ்லைடு வசதியை ஓரிரு ஸ்டெப்பில் மட்டும் போடுங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். கமகம் என்று எதிர்பார்க்காதீர்கள், ஜாரு மாதிரி ஒரு சாயல், அவ்வளவுதான். காது நுணுக்கமானவர்களுக்கு இன்னொன்று: இந்தக் கருவியில் சுருதி அமைப்பை மாற்றலாம். வழக்கமான கீபோர்டில் ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் நுண்ணிய அலகு) தூரத்தில் இருக்கும். 5:4 என்ற தூய விகிதத்துக்கு 386 சென்ட்தான். 14 சென்ட் குறைத்துவிட்டு, ஷட்ஜத்தை இன்னொரு ஆஸிலேட்டரிலோ தம்பூராவிலோ பிடித்துக் கேளுங்கள்.

பிடித்த ஒலி அமைந்தால் உடனே சேமித்துவிடுங்கள், சீக்வென்ஸும் கூடவே பதிவாகும். சேமித்ததை மறுநாள் திறந்து, குமிழ்களைத் தொடாமல் ஒலியை மட்டும் கேட்டு, எது எந்த அளவில் இருக்கிறது என்று தாளில் எழுதிப் பாருங்கள். எனக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடைக்கவில்லை.

ட்ரம் மெஷின், இன்னொரு சிந்தசைசர் எல்லாம் அப்புறம். சேர்க்கும்போது, ஒரு கருவியை மட்டும் டெம்போ கொடுப்பதாக வைத்து மற்றதை அதன் பின்னால் ஓடவிடுங்கள். மிடி (மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசும் பொது மொழி) கேபிள் என்றால் கால் நோட்டுக்கு, அதாவது ஓர் அடிக்கு, 24 துடிப்பு போகும், அது எல்லாக் கம்பெனிக்கும் பொது. டெம்போ துடிப்பை மட்டும் அனுப்பும் 3.5 மில்லிமீட்டர் சிங்க் கேபிளில் அப்படியில்லை, கருவிக்குக் கருவி வேறுபடும். வேகம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஓடினால் முதலில் அந்த செட்டிங்கைப் பாருங்கள்.