சோதனை இருந்தும் வழியும் பஃபர்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், ஒதுக்கிய நினைவகத்துக்கு (பஃபருக்கு) வெளியே எழுதும் எல்லை மீறல் நடந்த இடத்தைத் திறந்து பார்த்தால், பல சமயம் சோதனை வரி அங்கேயே இருக்கும். கணக்குதான் தப்பியிருக்கும். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சிவிஇ-2022-0185 (பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண்) அப்படிப்பட்டது. கோப்பு முறைமையை இணைக்கும்போது தரும் மவுண்ட் விருப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பக்க அளவு, அதாவது 4096 பைட், பஃபரில் சேர்க்கும் ஃபங்ஷனில் இருந்த பிழை அது. ‘நீளம்’ புதிய விருப்பத்தினுடையது; ‘நிரம்பியது’ பஃபரில் ஏற்கெனவே உள்ள பைட்கள். ‘நீளம் > 4096 − 2 − நிரம்பியது’ என்றால் ஃபங்ஷன் அதை மறுத்துவிடும். படித்தால் குறையே தெரியாது.

நிரம்பியது 4095 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் −1 வர வேண்டும். ஆனால் அது குறியற்ற (எதிர்ம மதிப்பு ஏற்காத) எண் என்பதால், 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணாகச் சுற்றிக்கொள்கிறது. அதன்பின் எந்த விருப்பமும் மறுக்கப்படாது. பஃபரைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும்.

திருத்தம் ஒரே வரி: ‘நிரம்பியது + நீளம் + 2 > 4096’. விருப்பத்தின் பெயரும் மதிப்பும் தலா 256 பைட் வரம்புக்குள் வருவதால் இந்தக் கூட்டல் சுற்றாது. அப்படி உச்சவரம்பு இல்லாத இடத்தில் கூட்டலையும் நம்பக் கூடாது. கூட்டல் சுற்றினால் சொல்லிவிடும் செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ போட வேண்டும்.

இந்தப் பிழைகளைத் தேடுவதில் பெரிய தொல்லை, கர்னல் தப்பு நடந்த இடத்தில் விழாது என்பதுதான். 52 பைட் கேட்டால், நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் 64 பைட் அறையைத் தரும். 12 பைட் வழிந்தாலும் சத்தமே இருக்காது. அதையும் தாண்டினால் சம்பந்தமில்லாத ஒரு டிரைவர் பிறகு எப்போதோ சாகும். அதனால் 4.0 பதிப்பிலிருந்து கூடவே வரும், நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கேசானை இயக்கித்தான் சோதிக்க வேண்டும். அது 8 பைட்டுக்கு ஒரு நிழல் பைட் வைத்துக் கணக்குப் பார்க்கிறது. 52 பைட்டுக்கு ஆறு ‘00’, ஒரு ‘04’, அப்புறம் தொடக் கூடாத இடத்துக்கு ‘எஃப்சி’. அந்த ‘04’, எட்டில் நான்குதான் உனக்குச் சொந்தம் என்கிறது. ‘எஃப்பி’ கண்ணில் பட்டால் அது விடுவித்த நினைவகம். வேறு வகைப் பிழை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

இன்ட் வகை (எதிர்ம மதிப்பும் ஏற்கும் முழு எண்) குறியீட்டெண்ணுக்கு மேல்வரம்பு மட்டும் பார்த்தால் −1 நுழைந்துவிடும். ‘>=’ வர வேண்டிய இடத்தில் ‘>’ இருந்தால் ஒரு உறுப்பு வழியும். எனவே 0, வரம்புக்கு ஒன்று குறைவு, வரம்பு, ஒன்று கூடுதல், −1 ஆகிய ஐந்தையும் ஓட்டாமல் பேட்ச் (திருத்த நிரல்) அனுப்பக் கூடாது.

நீளத்தைச் சத்தமில்லாமல் வெட்டிக் குறைப்பது திருத்தம் ஆகாது. பயனர் தந்த தரவு பாதியாகி, பிழை இன்னொரு அடுக்குக்கு நகரும். ‘தவறான உள்ளீடு’ என்று சொல்லும் ஈஇன்வால் (EINVAL) பிழையைத் திருப்பி அனுப்புங்கள். எந்த கமிட்டில் (பதிவான நிரல் மாற்றத்தில்) தப்பு புகுந்தது என்பதை ‘ஃபிக்ஸஸ்’ வரியில் 12 எழுத்து அடையாளத்தோடு எழுதுங்கள்; பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எதற்கெல்லாம் இந்தப் பேட்ச் வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.