நேர்கோட்டை முக்கோணம் என்று சாதித்த கிளாஸ்

மூன்று பக்க அளவுகளை வாங்கி முக்கோணத்தை வகைப்படுத்தும் கிளாஸுக்கு (நிரலில் ஒரு தொகுதி) எழுதிய சோதனைகள் எல்லாம் நேற்றிரவு தேறிவிட்டன. பைத்தான் நிரல்மொழியும் அதோடு வரும் யூனிட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியும்தான், வேறெதுவும் சேர்க்கவில்லை.

சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் மூன்றிலும் தொல்லையே இல்லை. பக்கங்களை ஆறு வரிசையிலும் மாற்றிக் கொடுக்க பைத்தானிலேயே பெர்மியூட்டேஷன்ஸ் என்ற கருவி இருக்கிறது. படுத்தியெடுத்தது 0.1, 0.2, 0.3. சிறிய பக்கங்கள் இரண்டின் கூட்டுத்தொகை பெரிய பக்கத்துக்குச் சமமானால் அது வெறும் கோடு. 1, 2, 3 கொடுத்தால் கிளாஸ் ஒழுங்காக மறுக்கிறது. தசமத்துக்கு வந்ததும் அசமபக்க முக்கோணம் என்று சாதிக்கிறது! 0.1, 0.2 இரண்டும் இரும எண்முறையில் துல்லியமாக அடங்குவதில்லை, கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. அந்த மயிரிழையில் கோடு முக்கோணமாகிவிடுகிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஐஸ்குளோஸ், இரண்டு எண்கள் ஏறக்குறைய சமமா என்று பார்க்கும் பைத்தான் கட்டளை. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1, 100 கோடி, 100 கோடி என்று கொடுத்துப் பாருங்கள். ஊசிபோல் மெலிந்திருந்தாலும் முறையான இருசமபக்க முக்கோணம் அது. 100 கோடியில் ஒரு பங்கு வரை வித்தியாசம் இருந்தால் ஐஸ்குளோஸ் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே இதையும் கோடு என்று தள்ளிவிடுகிறது. அந்த அளவைச் சுருக்கினால், இன்னும் மெலிந்த முக்கோணம் மாட்டும்.

பக்கங்களை டெசிமலாக (தசம எண்ணை இருமத்துக்கு மாற்றாமல் அப்படியே வைக்கும் பைத்தான் எண்வகை) வைத்ததும் இரண்டு சோதனைகளும் ஒன்றாகத் தேறின. 0.1 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகத்தான் தர வேண்டும். எண்ணாகத் தந்தால் 0.10000000000000000555 என்று பழைய பிழையும் கூடவே வந்துவிடும். அதனால் ஃபுளோட் (இருமத்தில் சேமிக்கும் வழக்கமான தசம எண்) வந்தால் டைப்எரர் என்ற பிழையை எழுப்ப வைத்து, அதற்கும் ஒரு சோதனை எழுதிவிட்டேன். இந்த ஒரு காவல் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், குடியாத்தம் பக்கம் மாமாவின் நிலத்துப் புலப்படம் கையில் இருக்கிறது. புலத்தை முக்கோணங்களாகப் பிரித்துத்தான் பரப்பு கணக்கிட வேண்டும். அளவுகள் எல்லாம் தசமத்தில். இடையில், காட்பாடியில் ஒரு கடையில் பழைய மானிட்டர் வாங்கி நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். கிளாஸ் மேலே, சோதனை கீழே; கண்ணுக்கு எவ்வளவு சுகம்!

செங்கோணம் பாக்கி. 1, 1, இரண்டின் வர்க்கமூலம் என்று கொடுத்தால், அந்த மூலத்தின் வர்க்கம் டெசிமலிலும் சரியாக 2 ஆவதில்லை. அங்கே ஐஸ்குளோஸ் பொருந்தும். நாற்கரத்துக்கும் கிளாஸ் தொடங்கியாயிற்று. நான்கு பக்கமும் சமமென்றால் சதுரமா சாய்சதுரமா என்று பக்கங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதே. மூலைவிட்டத்தையும் கேட்டு வாங்கப் போகிறேன்.