வங்கிக்காரர் மகள் ஓடிய 320 மைல்

லண்டன் மேஃபேரில் பெர்க்லி சதுக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது பிளேன் மரங்களைத்தான். அவை 1789-இல் நட்டவை. அதற்கு ஏழு வருடம் முன்னால், 1782 மே மாதம், இந்தச் சதுக்கத்து வீடொன்றிலிருந்து 17 வயது சாரா ஆன் சைல்ட், வெஸ்ட்மார்லண்ட் பிரபுவோடு ஓடிப்போனாள். அவருக்கு வயது 22.

அவள் அப்பா ராபர்ட் சைல்ட், ஃப்ளீட் தெருவில் சாமந்திப் பூவை அடையாளப் பலகையாக வைத்திருந்த சைல்ட் வங்கியின் முதலாளி. பணம் மலைபோல் இருந்தது, பட்டம் இல்லை. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் புதுப்பித்துக் கொடுத்த அவருடைய ஆஸ்டர்லி மாளிகையை இன்றும் பார்க்கலாம். பிக்கடிலி மெட்ரோவில் ஆஸ்டர்லி நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான். தோட்டத்துக்குப் போகும் நேரமும் வீட்டுக்குள் விடும் நேரமும் வேறு வேறு. அதைப் பார்க்காமல் போனால் வெளியிலேயே சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உள்ளே குவிமாடம் வைத்த கட்டில் ஒன்று இருக்கிறது. படுத்துத் தூங்குவதற்கு என்பதைவிட, பிரபுக்கள் வந்து பார்த்து வாயைப் பிளப்பதற்கென்றே செய்தது போலிருக்கும்.

ஓட வேண்டிய அவசியம் ஏன் வந்தது? 1754-இல் அமலான திருமணச் சட்டப்படி இங்கிலாந்தில் 21 வயது ஆகாதவர்கள் உரிமம் வாங்கி மணம் முடிக்க அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லவில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் ‘இவள் என் மனைவி, இவர் என் கணவர்’ என்றால் அன்று போதுமானதாக இருந்தது. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 நிரம்பியிருந்தால் சரி என்று இருந்தது.

சொல்ல எளிது, போய்ச் சேர்வதுதான் பாடு. ஸ்காட்லாந்து எல்லை ஊரான கிரெட்னா கிரீன் லண்டனிலிருந்து சுமார் 320 மைல். அன்று வாடகைக்குக் கிடைத்தது போஸ்ட் ஷேஸ் என்ற குதிரை வண்டி: இரண்டு பேர், நெருக்கினால் மூன்று பேர். வண்டியோட்டி முன்னால் உட்காருவதில்லை; இடப்பக்கக் குதிரை மேலேயே ஏறி ஓட்டுவான். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு விடுதியில் குதிரை மாற்ற வேண்டும். மொத்தம் இருபத்தைந்து முறையாவது வரும். இரண்டு குதிரைக்கு மைலுக்குச் சுமார் ஒரு ஷில்லிங். துரத்துகிறவர்கள் இருந்தால் நான்கு குதிரை பூட்டியாக வேண்டும், அப்போது இரட்டிப்பு. அதாவது குதிரைக்கு மட்டும் 32 பவுன். வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மூன்று வருடச் சம்பளம் கூட அதற்குள் அடங்கிவிடும். சுங்கச்சாவடிக் கட்டணம், ஓட்டுகிறவனுக்கு இனாம் எல்லாம் தனி. ஏழைக் காதலுக்கு இந்த வழி ஒத்துவராது.

காரியம் கெடுவதும் இந்த விடுதிகளில்தான். முன்னால் போகிறவர் லாயத்தில் இருக்கிற நல்ல குதிரையை எல்லாம் வாடகைக்கு எடுத்துவிட்டால், பின்னால் வருபவருக்குக் களைத்த குதிரைதான் மிஞ்சும். ராபர்ட் சைல்ட் விடாமல் நெருங்கினாராம். அவர் வண்டிக் குதிரை ஒன்றைச் சுட்டு வீழ்த்தித்தான் ஜோடி தப்பியது என்று சொல்வார்கள்.

இன்று காரில் போகிறவர்கள் ஏ1 சாலையில் ஸ்காட்ச் கார்னர் வரை போய், ஏ66-இல் திரும்பி, ஸ்டெயின்மோர் மேட்டைத் தாண்டி பென்ரித்தில் எம்6-ஐப் பிடித்தால், கிட்டத்தட்ட அந்தக் காலத்துத் தடம்தான். வழியில் ஸ்டாம்ஃபோர்டில் பழைய ஜார்ஜ் விடுதி இன்னும் நடக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டினால் ஸ்டெயின்மோர் சாலையை மூடிவிடுவார்கள். மாற்று வழியை முன்பே யோசித்து வையுங்கள். ரயிலில் என்றால் யூஸ்டனிலிருந்து கார்லைல், அங்கே வண்டி மாறிக் கிரெட்னா கிரீன்.

ஓடி வந்த ஜோடிகளுக்கு மணம் நடந்த கிரெட்னா கிரீன் கொல்லன் பட்டறை இப்போது அருங்காட்சியகம். நடுவே பட்டடைக்கல். அதில் சுத்தியலால் தட்டி மணம் முடித்த ‘பாதிரிகள்’ பாதிரிகளும் இல்லை, பெரும்பாலும் கொல்லர்களும் இல்லை. பேர் போன ஜோசப் பேஸ்லி புகையிலை விற்றவர். வண்டிக்காரனுக்குக் கமிஷன் உண்டு என்பதால் எந்தப் ‘பாதிரி’யிடம் போவது என்பதை முடிவு செய்ததும் அவன்தான். ஜோடியின் உடுப்பைப் பார்த்துத்தான் கட்டணம் சொல்வார்கள்.

இளசுகள் மட்டும் வரவில்லை. 1818-இல் முன்னாள் லார்ட் சான்சலர் (நீதித்துறையின் உயர் பதவி) தாமஸ் எர்ஸ்கின், 68 வயதில், சாரா பக் என்ற பெண்ணை இங்கேதான் மணந்தார். ஏற்கெனவே பிறந்திருந்த பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்துச் சட்டப்படி முறையான பிள்ளைகள் என்ற உரிமை கிடைக்கும் என்ற கணக்கு.

இன்று இங்கே மணம் முடிக்க விரும்பினால் குறைந்தது 29 நாள் முன்பே இருவரும் எம்10 என்ற திருமண அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவர் விசா விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்திறங்கிய அன்றே தாலி கட்டுகிற கதை எல்லாம் 1856 சட்டத்தோடு முடிந்துவிட்டது.

ராபர்ட் சைல்ட் இரண்டே மாதத்தில், 1782 ஜூலையில் இறந்தார். அதற்குள் உயிலை மாற்றியிருந்தார்: இனி பிறந்து பிரபு பட்டத்துக்கு வாரிசாகும் மூத்த பேரனுக்கு ஒரு காசு இல்லை. சொத்து பின்னால் பிறந்த மூத்த பேத்தி சாரா சோஃபியாவுக்குப் போனது. 1804-இல் அவள் ஜெர்சி பிரபு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். ரீஜன்சி காலத்தில் (1811-20, அரசருக்குப் பதில் இளவரசர் ஆண்ட காலம்) லண்டன் கிங் தெருவில் இருந்த ஆல்மாக்ஸ் நடன அரங்கின் புரவலப் பெண்மணிகளில் அவளும் ஒருத்தி. புதன்கிழமை நடனத்துக்கு யாருக்கு அனுமதிச் சீட்டு, யாருக்கு இல்லை என்பது அவர்கள் கையில். வியாபாரிக் குடும்பம் என்றால் பெரும்பாலும் கதவு திறக்காது. அந்தக் கட்டடம் 1944-இல் குண்டுவீச்சில் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது அலுவலகம்.

1845-இல் சாரா சோஃபியாவின் மகள் லேடி அடிலா, இபட்சன் என்ற ராணுவ அதிகாரியோடு வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பினாள். மணம் நடந்த இடம் கிரெட்னா கிரீன்.