தண்ணிய வடிச்சிட்டா எறா எங்க நிக்கும்?

பிச்சாவரத்தில் அழிந்த அலையாத்திக் காட்டை மீட்க நாங்கள் கால்வாய் வெட்டி முடித்த வாரம் ஓர் இருளர் அம்மா கேட்டது இது: "ஏன் சார், தண்ணிய வடிச்சி உட்டுட்டா எறா எங்க நிக்கும்?" எறா என்றால் இறால். நான் சொன்ன பதில்: "மூணு வருஷம் பொறுங்கம்மா, மரம் வந்துட்டா எறா தானா வரும்." கேள்வியைவிட அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

கால்வாய் வெட்டியது தவறில்லை. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியாக மரங்களை வெட்டி, மொட்டையடித்த இடங்கள் அவை. நிழல் போன மண் காய்ந்து அமுங்கி, நடுவில் தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் நுழைகிற நீர் வற்றத்தில் வெளியேறாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சித்திரை வெயிலில் அந்தப் பள்ளத்தில் அது இரண்டு மடங்கைத் தாண்டும். உப்பைத் தாங்கும் உமிரிச் செடி நிற்கும், அலையாத்தி மரமான வெண்கண்டலின் கன்று கருகும். நீர் போய்வர வழி செய்யாமல் எத்தனை கன்று நட்டாலும் வீண்.

அதனால்தான் கால்வாய்களுக்கு மீன்முள் வடிவம். முதன்மைக் கால்வாயின் அகலம் மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கிளைகள் 45 பாகையில் பிரியும். மேலே 2 மீட்டர், ஆழம் முக்கால் மீட்டர். கிளையின் அடிமட்டம் முதன்மைக் கால்வாயை நோக்கிச் சரிய வேண்டும். மட்டம் பார்க்காமல் வெட்டினால் கிளையே இன்னொரு குட்டையாகிவிடும். தோண்டிய மண்ணைத் தொடர்ச்சியாகக் கொட்டினால் அது வரப்பாகி நீரை மறிக்கும். இடைவெளி விட்டுத்தான் கொட்ட வேண்டும். கன்றைச் சரிவின் நடு மட்டத்தில் நட வேண்டும். அதற்குக் கீழே நட்டால் மூழ்கி அழுகும், மேலே நட்டால் காயும். முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் இவ்வளவும் பாழ். தூர்வாரப் பணம் ஒதுக்காத திட்டத்தைத் தொடங்கவே கூடாது.

இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் அந்தப் பள்ளம் எங்கள் வரைபடத்தில் 'சிதைந்த நிலம்'. ஐப்பசி முதல் தை வரை மழைநீர் கலந்து முழங்கால் ஆழம் நிற்கும்போது அங்கேதான் பெண்கள் குந்தியபடி நகர்ந்து, பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி எறா பிடிப்பார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம். அன்றைய குழம்புக்குப் போக மிச்சம்தான் விற்பனைக்கு. தோண்டுவதற்குக் கூலி கொடுத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தக் கூலியில் பெரும்பகுதி ஆண்களுக்குப் போனது. எறாவை இழந்தவர்கள் பெண்கள். மூன்று வருஷம் என்பது மரத்தின் கணக்கு. அடுப்பின் கணக்கு அன்றன்றைக்கு.

வேறு என்ன செய்திருக்கலாம்? உப்பு ஏறுவது கோடையில்தான். மழைக்காலத்தில் ஒரு கிளையின் வாயில் பலகை போட்டு நீரை நிறுத்தி, மாசியில் எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் கன்று நடுவதும் அதே பருவம். ஓயாமல் மூழ்கிக் கிடந்தால் வேர் மூச்சுவிடாது, கன்று போய்விடும். அப்படியானால் நடாமல் ஒரு கிளையை விட்டிருக்கலாமே? விட்டிருந்தால் மொத்தத்தில் சிறு துண்டுதான் குறைந்திருக்கும். அப்போது எங்கள் இலக்கு எக்டேரில் இருந்தது. எறா கணக்கில் எந்தக் கட்டமும் இல்லை.

மரம் வந்தது. எறாவும் வந்தது, அந்த வகையில் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது இப்போது நிற்பது கால்வாயில், இடுப்பளவு சேற்றில். குந்தித் தடவ முடியாது. கரையில் நின்று வீச்சுவலை போடுகிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

அடுத்த தூர்வாரலுக்கு மட்டம் எடுக்கிறார்கள். தாழ்ந்த கோடியில் உள்ள கடைசிக் கிளை பாதி தூர்ந்து, முழங்கால் ஆழத்துக்கு வந்திருக்கிறது. அதை வாராமல் விடலாம் என்று குறிப்பெழுதினேன். சுற்றியுள்ள கன்றுகளுக்கு உப்பு ஏறுமா என்று இரண்டு கோடை அளந்து பார்க்க வேண்டும். குறிப்பை இன்னும் அனுப்பவில்லை.