சின்ன வாய்க்கு சின்ன முள்ளு

சானல்ல, அதான் வயலுக்குத் தண்ணி போற வாய்க்கால்ல, தண்ணி வந்தாச்சு. நேத்து அக்கா மவன் தூண்டலோட வந்து, “மாமா, மீனு கொத்துது, மாட்ட மாட்டேங்குது”ன்னான். தூண்டல் முள்ளைப் பாத்தேன், 4ஆம் நம்பர். அது விராலுக்குல்லா! சிலேபி மீனுக்கும் கெண்டைக்கும் வாய் சின்னது. 10 இல்லன்னா 12 போடணும். நம்பர் கூடக்கூட முள்ளு சிறுசாவும். (கடையில நானும் ஒருதடவ இதுல ஏமாந்தவன்தான்.) தண்டு நீளமான முள்ளுன்னா கழட்ட லேசு.

முழு மண்புழுவைக் கோத்து வால ஆட விட்டா, மீனு வாலை மட்டும் தின்னுட்டுப் போயிரும். அரை இஞ்சு துண்டு போதும். வாழை மூட்டுல, ஈரச் சருகுக்கு அடியில தோண்டுனா வேணும்ங்கிற அளவு கெடைக்கும். மைதா உருண்டைக்கும் சிலேபி வரும், ஆனா ஒழுக்குத் தண்ணில கரைஞ்சிரும்.

முள்ளை மாத்திக் குடுத்தேன். சாயங்காலம் ஏழு சிலேபி. எனக்கு ஒண்ணுகூடத் தரல பய.