ஆற்றுக்கு ஏற்ற பாய்வள்ளம்

தை மாதத்தில் நான்கு நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மோட்டார் இல்லாத ஒரு சிறிய பாய்வள்ளத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடும் எங்கள் குழித்துறைத் தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் அவசரமில்லாமல் போய்வர வேண்டும் என்று நானும் என் மனைவியும் சென்ற ஆண்டே முடிவு செய்தோம். எந்த வள்ளம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கத்தான் ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே ஆசையோடு இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

என் மனத்தில் முதலில் இருந்தது கடலில் பார்த்துப் பழகிய முக்கோணப் பாய். சாய்ந்த பருமலில், அதாவது பாயைக் கட்டும் நீண்ட கழியில், விரிந்து நிற்கும் அந்தப் பாயின் அழகுக்கு ஈடான ஒன்றை நான் இன்றும் கண்டதில்லை. அத்தகைய பாய் கட்டிய ஒடுங்கிய வள்ளம் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, ஆற்றில் ஓட்டிப் பார்த்தேன். வள்ளத்தின் நீளத்தையும் தாண்டிய பருமல், கரையோரத் தென்னை ஓலைகளில் இரண்டு முறை சிக்கியது. மூன்றாம் முறை சிக்கியபோது வள்ளம் ஒருபுறமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. உடன் வந்த என் மைத்துனருக்கு நீச்சல் தெரிந்திருந்ததால் தப்பினோம். அன்று மாலை கரையில் எங்களைக் கண்ட வயதான வள்ளக்காரர் ஒருவர், நான் சிறுவயது முதல் மாமா என்று அழைப்பவர், நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, "மக்களே, பாயப் பாத்து வள்ளம் எடுக்காத; பாலத்தப் பாத்து எடு" என்றார். என் தேடலின் திசையையே அந்தச் சொல் மாற்றியது.

அவர் சொன்னதன் பொருள், ஆற்றின் கரையோரமாக நடந்து பார்த்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பரக்காணியில் கடல்நீர் உட்புகாமல் இருக்கக் கட்டிய தடுப்பணை ஆற்றைக் குறுக்கே மறிக்கிறது. கணபதியான்கடவிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் பாலங்கள் இருக்கின்றன. கழற்றிப் படுக்கவைக்க முடியாத பாய்மரம் பாலத்தடியில் நின்றுவிடும். நான்கு பேர் தென்னந்தடிகளின் மேல் உருட்டிக் கடத்த முடியாத வள்ளம் அணையடியில் நின்றுவிடும். கோடையில் மணல்திட்டுகள் தலைகாட்டும் இடங்களில் ஒரு சாண் தண்ணீரே இருக்கும் என்பதால், அடி ஆழமாக இறங்கிய எந்த வள்ளமும் இங்கே உதவாது.

அடுத்து காற்று. நம் ஆறு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடிக் கடலில் சேர்கிறது. தை முதல் பங்குனி வரை, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இல்லாத நாட்களில், முற்பகல் கழிந்ததும் கடற்காற்று எழுந்து கழிமுகத்திலிருந்து ஆற்றின் மேல்நோக்கி வீசும். விடியலுக்கு முன் கரைக்காற்று மெல்லக் கடலை நோக்கி இறங்கும். நிலம் நீரைவிட விரைவில் சூடேறி விரைவில் ஆறுவதே இதற்குக் காரணம். ஆகவே அதிகாலையில் நீரோட்டத்தோடும் கரைக்காற்றோடும் கீழே இறங்கி, பிற்பகலில் கடற்காற்றைப் பின்னால் வாங்கி மேலே ஏறினால், இரு வழியிலும் காற்று முதுகுப்பக்கமே இருக்கும். காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஏறும் திறமை முக்கோணப் பாயின் பெருமை. ஆனால் அந்தத் திறமையைக் காட்ட அகலமான நீர்ப்பரப்பு வேண்டும். எங்கள் பயணத்துக்கு அது தேவையே இல்லை என்று தெரிந்ததும் பாதி முடிவு தானாகவே வந்துவிட்டது.

கட்டுமரத்தையும் எண்ணிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கும் 'கேட்டமரான்' என்ற சொல் தமிழ்க் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்றாலும், நம் கட்டுமரம் இரட்டைப் படகு அன்று. மிதக்கும் மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்த ஒரே தளம். அலையடிக்கும் கரையில் அதற்கு இணை கிடையாது. தண்ணீர் தடிகளின் இடைவெளியில் வடிந்துவிடுவதால் அது மூழ்குவதில்லை. ஆனால் படுக்கும் பாயும் போர்வையும் அரிசியும் நான்கு நாட்கள் நனையாமல் இருக்க அதில் இடமில்லை. ஒரே மரத்தைக் குடைந்த ஓடமோ துடுப்புப் போடுபவருக்கு அருமையானது. பாய் கட்டினால் புரண்டுவிடும்.

எனவே தட்டையான அடியும், பதினாறு அடி நீளமும், நாலரை அடி அகலமும் கொண்ட பலகை வள்ளத்தைத் தேர்ந்தோம். பாயாக, காயல் எனப்படும் கடலோர உப்பங்கழிகளில் ஓடிய வள்ளங்களில் சரக்கு ஏற்றிய காலத்தில் கட்டிய சதுரப் பாயையே எடுத்துக்கொண்டோம். குறுகிய மூங்கில் பாய்மரம், அதன் குறுக்கே ஒரு மூங்கில், எண்பது சதுர அடி பருத்தித் துணி. பாலம் வந்தால் ஒருவரே அரை நிமிடத்தில் இறக்கிவிடலாம். 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. முழுமை பெறாமலே தூர்ந்துபோன அந்தக் கால்வாயைக் கடக்கும்போதெல்லாம், அது உயிரோடு இருந்திருந்தால் கேரளத்தில் உள்ள பூவாறு வரைக்கும் இதே வள்ளத்தில் போயிருக்கலாமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

ஆற்று வளைவுகளில் காற்று பக்கவாட்டில் வரும்போது தட்டையான வள்ளம் நண்டு போலப் பக்கமாக நகர்ந்துவிடும். அதற்கு, கட்டுமரக்காரர்கள் செய்வது போலக் காற்று போகும் பக்கத்தில் ஒரு நீண்ட பலகையை நீருக்குள் இறக்கிக் கட்ட வேண்டும். காற்று அடங்கிய நேரங்களுக்குத் துடுப்பு இரண்டும் ஆற்றடியில் ஊன்றித் தள்ளும் கழுக்கோல் ஒன்றும் கட்டாயம். பாயின் கயிற்றை எக்காரணம் கொண்டும் வள்ளத்தோடு முடிச்சிட்டுக் கட்டிவிடக் கூடாது, கையிலேயே பிடித்திருக்க வேண்டும் என்பதை மாமா மூன்று முறை சொன்னார். திடீர்க் காற்றில் கையை விட்டால் பாய் படபடத்து அடங்கும், கட்டியிருந்தால் வள்ளம் கவிழும். மிதவை உடுப்பு இல்லாமல் எங்கள் பிள்ளைகள் ஏறுவதில்லை. கழிமுகத்தின் வாய்க்கு அருகே நாங்களும் போவதில்லை.

மரத்தைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் பேசலாம். புதிய வள்ளத்துக்குப் பணம் போதாததால், அயனி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த பழைய வள்ளம் ஒன்றை வாங்கினோம். ஆணி அடித்ததைவிடத் தைத்தது நெகிழும்; மணலிலோ பாறையிலோ இடித்தாலும் பலகை எளிதில் பிளக்காது. பழையதை வாங்குபவர்கள் மேற்பூச்சைப் பார்த்து மயங்காமல், உட்புறத்தில் வங்குகள் எனப்படும் விலாச்சட்டங்கள் பலகையோடு சேரும் மூலைகளைச் சிறு கத்தி முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை வெண்ணெயில் போல் இறங்கினால் மழைநீர் தேங்கி உளுத்துவிட்டது என்று பொருள். உப்புநீரில் கிடந்த வள்ளம் என்றால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு இருக்கலாம். அந்தப் புழு நன்னீரில் நெடுநாள் வாழாது. எங்கள் வள்ளத்தில் ஊசித்துளைகள் சில தெரிந்ததால், அதைத் தடுப்பணைக்கு மேலே நன்னீரில் கட்டிப்போட்டோம்.

பிறகு கரையேற்றி, தென்னோலைக் கொட்டகை நிழலில் உலர்த்தி, தையல் கயிற்றை மாற்றி, இடுக்குகளில் தேங்காய்நார் திணித்து, அண்டித் தோட்டிலிருந்து, அதாவது முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து, எடுக்கும் எண்ணெயை ஆசாரி மூன்று முறை பூசினார். வெயிலில் உலர்த்தியிருந்தால் பலகைகள் வெடித்திருக்கும். இப்போது வள்ளம் மீண்டும் தண்ணீரில், பாதி மூழ்கிய நிலையில், பலகைகள் ஊறி ஒன்றோடொன்று இறுகட்டும் என்று கிடக்கிறது. நேற்று மாலை போய்ப் பார்த்தபோது வள்ளத்தின் முன்முனையான அணியத்துப் பக்கத் தையல் ஒன்றில் மட்டும் ஈரம் கசிந்தது. என் மனைவி பாய்த்துணியின் ஓரத்தைக் கையாலேயே மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு பக்கம் மீதி இருக்கிறது.