சிங்கிள் பெட்ரூம் வீடு தேடுபவர்களுக்கு: ஒரு கணக்கும் அரை மணி நேரச் சோதனையும்

கையில் வரும் சம்பளத்தில் வாடகை 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த 30-க்குள் மெயின்டனன்ஸ், தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். தனியாகக் குடியிருப்பவருக்கு இவற்றைப் பங்கு போட இன்னொருவர் கிடையாது.

அடுத்து, திரும்பி வராத பணத்தைத் தனியே எழுதுங்கள்: புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றி இறக்கும் கூலி, காலி செய்யும்போது பெயின்டுக்காகப் பிடித்துக்கொள்ளப்போகும் தொகை. இதை அந்த வீட்டில் இருக்கப்போகும் மாதங்களால் வகுத்து வாடகையோடு கூட்டுங்கள். கமிஷன் ஒரு மாத வாடகை என்றால், 12 மாதத்தில் காலி செய்பவருக்கு வாடகை 8 சதவீதத்துக்கு மேல் கூடியதற்குச் சமம். 3 வருடம் இருப்பவருக்கு அது 3 சதவீதம்கூட இல்லை. எவ்வளவு காலம் இருப்போம் என்று தெரியாதவர்கள் கமிஷன் இல்லாத வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

வருடாந்தர ஏற்றத்தையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு வீட்டின் வாடகை 100. வருடம் 10 சதவீதம் ஏறும். இன்னொன்று 108, மூன்று வருடம் ஏறாது. முதல் வீட்டில் 100, 110, 121 என்று கட்டுவீர்கள். சராசரி 110-ஐத் தாண்டிவிடும். ஆகவே மலிவானது 108 வீடுதான். பேரம் பேசும்போது வாடகையைக் குறைக்க மறுப்பவர்கள்கூட ஏற்றத்தைக் குறைக்கச் சம்மதிப்பதுண்டு. அங்கே அழுத்திக் கேளுங்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நேரத்தில் அளங்கள். வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடினால், மாதம் 22 வேலை நாளில் 880 நிமிடம், கிட்டத்தட்ட 15 மணி நேரம். தூரத்து வீட்டில் மிச்சமாகும் வாடகையிலிருந்து கூடுதல் பயணச் செலவைக் கழித்து 15-ஆல் வகுத்தால், உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். சில சமயம் அந்தத் தொகை வருத்தப்பட வைக்கும்.

தேட ஆரம்பிக்க ஏற்ற காலம், குடிபோக வேண்டிய நாளுக்கு 4 முதல் 6 வாரம் முன்பு. இணையதளங்களில் தேடும்போது விலை வரம்பை உங்கள் கணக்கைவிட 10 சதவீதம் மேலே வையுங்கள். ஒரு மாதமாகப் போகாமல் கிடக்கும் வீட்டில் பேரம் படியும். பாத்ரூம் படமே இல்லாத விளம்பரத்தில் பெரும்பாலும் பாத்ரூம்தான் பிரச்சினை. வீட்டைக் காட்டும் முன்பே முன்பணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். வாடகை எவ்வளவு குறைவாகச் சொல்கிறார்களோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

வீடு பார்க்கப் போகும்போது அளவு நாடா, போன் சார்ஜர், டார்ச் கொண்டுபோங்கள். படுக்கையறை பெரிதாகத் தெரிகிறதா என்பது முக்கியமில்லை, அளந்து பாருங்கள். 60 அங்குல அகலக் கட்டிலின் இரு பக்கமும் 2 அடி நடக்க விட்டால் 9 அடி வேண்டும். நீளவாக்கில் மெத்தை 78 அங்குலம். கால்மாட்டில் 2 அடி ஆழ அலமாரி, அதன் கதவு திறக்க இன்னொரு 2 அடி என்றால் பத்தரை அடி. இதைவிடச் சிறிய அறையில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். எதை என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.

தண்ணீர்தான் அதிகம் ஏமாற்றும். சமையலறைக் குழாயையும் ஷவரையும் ஒன்றாகத் திறந்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். ஷவர் நூலாக இளைத்தால் தினமும் காலையில் அதே கதைதான். 10 லிட்டர் வாளி நிரம்ப 2 நிமிடத்துக்கு மேல் ஆனால் அழுத்தம் போதாது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் என்றால், தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடியில்தான் இந்தக் குறை அதிகம்: 10 மீட்டர் உயரத்துக்கு 1 ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பது கணக்கு, தலைக்கு மேல் 3 மீட்டரில் தொட்டி இருந்தால் 0.3 பார்தான். அந்த வாளித் தண்ணீரைப் பாத்ரூம் தரையில் கொட்டுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் துளைக்கு ஓடும். மூலையில் தேங்கினால் தரையை உடைத்துப் போடாமல் சரியாகாது. பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் வந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். துளைக்குக் கீழே நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கும். தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து 15 நிமிடம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் நாறினால் குழாயில் கோளாறு.

ஓதத்தைப் பெயின்ட் மறைக்கும், ஆனால் முழுதாக மறைக்காது. பாத்ரூம் சுவரின் மறுபக்கம், தரையிலிருந்து ஒரு அடிக்குள் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: கொப்புளம், வெள்ளை உப்புப் பூச்சு, ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பார்ப்பது இன்னும் நம்பகமானது.

மேற்குச் சுவர் படுக்கையறையில் இருந்தால், அதுவும் கடைசி மாடியாக இருந்தால், மாலை 4 மணிக்குப் போய்ச் சுவரில் கை வையுங்கள். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில்தான் உள்ளே விடும். அந்தச் சூடு மின்கட்டணமாக வரும்.

சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனிப் பவர் பிளக் வேண்டும். மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்; விழவில்லை என்றால் மின்கசிவிலிருந்து உங்களைக் காக்க அங்கே எதுவும் இல்லை. கடைசியாக எல்லாவற்றையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் போன்றவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்ன விளக்கு விடாமல் மினுக்கினால் படிக்கட்டு விளக்கோ மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடக்கூடும். கேட்டுத் தெளியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிடித்த வீட்டை இரவிலும் ஒரு முறை பாருங்கள். லிப்ட் மோட்டார், தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றின் அதிர்வு பகல் சத்தத்தில் தெரியாது.

அக்ரிமென்டில் நான்கு விஷயம் எண்ணோடு இருக்க வேண்டும்: ஏற்றம் எத்தனை சதவீதம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதற்கு முன் கிளம்பினால் எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். பழுது யார் பொறுப்பு என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: குழாய், ஹீட்டர், வயரிங். ‘சிறு பழுதுகள்’ என்று பொதுவாக எழுதினால் பின்னால் சண்டைதான்.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, கீறல்கள், உடைந்த ஓடுகள், மீட்டர் எண் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.